மாடல் கால்பேக்கும் டிரான்சாக்‌ஷனும்: எந்த வேலையை எங்கே வைப்பது? முழுமையான வழிகாட்டி

பத்தமடைப் பாய் விற்கும் ஒரு இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கோரைப்பாய் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கல்யாணப் பட்டுப்பாய் அப்படியல்ல. ஒரு டிசைனில் ஒன்றுதான் இருக்கும்; அடுத்தது வேண்டுமானால் தறியில் ஏற்றி நாள்கணக்கில் நெய்தாக வேண்டும். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. அந்த ஒற்றைப் பாய்க்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் ஆர்டர் பட்டனை அழுத்துகிறார்கள். ஒருவருக்குப் பாய் கிடைக்க வேண்டும், மற்றவருக்கு 'இருப்பு இல்லை' என்று வர வேண்டும். ஆனால் இருவர் போனுக்கும் 'உங்கள் ஆர்டர் உறுதி' என்று எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் ஒரு ஆர்டர்தான் இருக்கிறது.

டேட்டாபேஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இரண்டாவது ஆர்டரின் டிரான்சாக்‌ஷனை (எல்லாம் சேர்ந்தே நிலைக்க வேண்டிய, இல்லையேல் எதுவுமே நிலைக்கக் கூடாத கட்டளைத் தொகுப்பு) ரோல்பேக் செய்து, அதாவது எழுதியதைப் பின்வாங்கி, சுவடில்லாமல் அழித்துவிட்டது. ஆனால் ரோல்பேக் வீட்டுக்குள் நடந்ததைத்தான் அழிக்கும், தெருவுக்குப் போனதைத் திருப்பிக் கூப்பிடாது. எஸ்எம்எஸ்ஸை அனுப்பிய கால்பேக் (ரெக்கார்ட் சேவ் ஆகும்போது தானாக ஓடும் நிரல்), கமிட்டுக்கு (மாற்றங்கள் டேட்டாபேஸில் நிலைபெறும் கணத்துக்கு) முன்னாலேயே ஓடியிருக்கிறது. நிச்சயதார்த்தம் முடியுமுன்னே பத்திரிகை அடித்துக் கொடுத்த கதைதான்.

இங்கே விளக்கம் ரூபி ஆன் ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்டை (டேபிளை ரூபி கிளாஸாக, அதாவது மாடலாகக் கையாளும் பகுதியை) வைத்து. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்; மைஎஸ்க்யூஎல் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம். ஜாங்கோ, லாராவெல்காரர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

முதல் படி: வேலைகளை மூன்று கூறாகப் பிரிக்கவும்

நிரலைத் தொடுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் ஆர்டர் பதிவாகும்போது என்னென்ன நடக்கிறது? போன் நம்பரில் உள்ள இடைவெளியை நீக்குவது, மொத்தத் தொகையைக் கணக்கிடுவது, இருப்பைக் குறைப்பது, பில் நம்பர் கொடுப்பது, எஸ்எம்எஸ், பில் பிடிஎஃப், பேமென்ட் கேட்வேக்கு அழைப்பு, தேடல் இண்டெக்ஸைப் புதுப்பிப்பது, கேஷைத் (வேகத்துக்காக எடுத்து வைத்த நகலை) துடைப்பது.

போன் நம்பரும் மொத்தத் தொகையும் அந்த ஒரு ரெக்கார்டின் சொந்த விஷயம். இருப்பும் பில் நம்பரும் வேறு டேபிள், ஆனால் அதே டேட்டாபேஸ். மற்றதெல்லாம் வெளியுலகம். கேஷும் வெளியுலகம்தான், பலர் தவறுவது இதில். ரெடிஸில் (மெமரியில் இயங்கும் தனிச் சேமிப்பகம்) உள்ள கேஷைக் கமிட்டுக்கு முன் துடைத்தால், அந்த இடைவெளியில் வரும் இன்னொரு ரிக்வெஸ்ட் பழைய இருப்பையே படித்துக் கேஷில் மறுபடி ஏற்றிவிடும். பாய் விற்றுப்போன பிறகும் பக்கத்தில் '1 உள்ளது' என்றே காட்டும்.

முதல் கூறு கால்பேக்கில் இருக்கலாம். இரண்டாவது கூறு, திறந்து எழுதிய டிரான்சாக்‌ஷன் பிளாக்கில். மூன்றாவது கமிட்டுக்குப் பிறகு. இந்த வழிகாட்டியின் சாரமே இதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள குழிகள் தெரியாமல் இதை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை.

இரண்டாம் படி: வரிசையைத் தெரிந்துகொள்ளவும்

புது ரெக்கார்டை சேவ் செய்யும்போது ஓடும் வரிசை இது: பிஃபோர் வேலிடேஷன், வேலிடேஷன் (மதிப்புகள் சரியா என்ற சோதனை), ஆஃப்டர் வேலிடேஷன், பிஃபோர் சேவ், பிஃபோர் கிரியேட், இன்சர்ட் கட்டளை, ஆஃப்டர் கிரியேட், ஆஃப்டர் சேவ், கமிட், ஆஃப்டர் கமிட். சேவ், கிரியேட் இரண்டையும் சுற்றிவரும் அரவுண்ட் கால்பேக்குகளும் உண்டு. அவை அபூர்வமாகவே தேவைப்படும்.

கவனிக்க வேண்டியது, ஆஃப்டர் சேவ் கமிட்டுக்கு முன்னால் நிற்பது. பெயரில் 'ஆஃப்டர்' இருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. வேலிடேஷன் முதல் ஆஃப்டர் சேவ் வரை அத்தனையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்தான் நடக்கின்றன. ரெயில்ஸ் 6.0 முதல், முதல் கட்டளை கிளம்பும் வரை, தொடக்கத்தைக் குறிக்கும் பிகின் கட்டளை அனுப்பப்படுவதில்லை. அதனால் வேலிடேஷனிலேயே தோற்ற சேவ் சில சமயம் லாக்கில் தெரியாது. யூனிக்னெஸ் வேலிடேஷன் (இதே மதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனை) இருந்தால் அது ஒரு செலக்ட் அனுப்பும். அதற்கு முன் பிகின் தெரியும்.

கால்பேக்குக்குள்ளிருந்து சேவ் ஆவதை நிறுத்த, த்ரோ அபார்ட் கட்டளை. பழைய பதிப்புகளில் ஃபால்ஸ் திருப்பி அனுப்பினாலே நின்றுவிடும். ரெயில்ஸ் 5 காலத்தில் அந்த வழக்கம் எடுக்கப்பட்டது. 4-லிருந்து மேலேற்றிய பழைய அப்ளிகேஷன்களில், 'நிறுத்துகிறோம்' என்று நினைத்து ஃபால்ஸ் திருப்பி எதையும் நிறுத்தாத கால்பேக்குகள் இன்னும் கிடக்கும்.

டெஸ்ட்ராய்க்கு ஒரு குறிப்பு. டிபென்டன்ட் டெஸ்ட்ராய் (தாய் ரெக்கார்டோடு பிள்ளை ரெக்கார்டுகளையும் அழிக்கும் அமைப்பு) என்பதே உள்ளே ஒரு பிஃபோர் டெஸ்ட்ராய் கால்பேக்தான். 'பணம் கட்டிய ஆர்டரை அழிக்கக் கூடாது' என்ற உங்கள் காவலை அசோசியேஷனுக்குக் கீழே எழுதினால், காவல் விழிக்குமுன் பிள்ளை ரெக்கார்டுகளை அழிக்கும் வேலை நடந்துவிடும். காவலை மேலே எழுதுங்கள், அல்லது வரிசையில் முன்னே தள்ளும் பிரிபென்ட் கொடுங்கள்.

மூன்றாம் படி: கால்பேக்கில் எதை வைக்கலாம்?

இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. போன் நம்பரைச் சீராக்குவது பிஃபோர் வேலிடேஷனில், மொத்தத் தொகை பிஃபோர் சேவில். இரண்டும் அந்த ரெக்கார்டின் அட்ரிபியூட்டை மட்டும் மாற்றுகின்றன; ரோல்பேக் ஆனால் நஷ்டம் எதுவுமில்லை. தொகையை ஆஃப்டர் சேவில் கணக்கிட்டு அங்கேயே மறுபடி சேவ் செய்தால், அந்த சேவ் மீண்டும் ஆஃப்டர் சேவைக் கூப்பிடும், அது மீண்டும் சேவ் செய்யும். செக்கு மாடு மாதிரி ஸ்டாக் நிறையும் வரை சுற்றும்.

இருப்பைக் குறைக்கும் வேலையை ஆர்டரின் ஆஃப்டர் கிரியேட்டில் வைப்பது பலரும் செய்வது. டிரான்சாக்‌ஷனுக்குள்தான் இருக்கிறது என்பதால் தப்பும் இல்லை. ஆனால் நாளைக்குப் பழைய நோட்டிலிருந்த ஆர்டர்களை இறக்குமதி செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவீர்கள். அது ஓடி முடியும்போது இன்றைய இருப்பு அதலபாதாளத்தில் இருக்கும். 'ஆர்டர் ரெக்கார்ட் பிறந்தது' என்பதும் 'வாடிக்கையாளர் பாய் வாங்கினார்' என்பதும் வேறு வேறு. பின்னதை ஒரு சர்வீஸ் கிளாஸில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

எதிர்ப்பக்கக் குழியும் உண்டு. அப்டேட் காலம் (update_column), அப்டேட் ஆல், டிலீட், டிலீட் ஆல், இன்சர்ட் ஆல், ஆச்சரியக்குறியுடன் வரும் இன்கிரிமென்ட் ஆகியவை கால்பேக்கைத் தொடாமலே டேட்டாபேஸுக்குப் போகும். கட்டாயம் காக்க வேண்டிய விதி கால்பேக்கில் மட்டும் இருந்தால் அது காக்கப்படவில்லை என்றே அர்த்தம். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால் அந்த இருப்பு நெடுவரிசையில், டேட்டாபேஸே காக்கும் செக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள்.

நான்காம் படி: டிரான்சாக்‌ஷன் பிளாக்கை ஓட்டையில்லாமல் எழுதவும்

பிளாக் ரோல்பேக் ஆக, உள்ளிருந்து ஒரு எக்ஸப்ஷன் வெளியே வர வேண்டும். ஆச்சரியக்குறி இல்லாத சேவ் தோற்றால் ஃபால்ஸ் மட்டும் திருப்பும். பிளாக் அதைக் கண்டுகொள்ளாது. ஆர்டர் சேவ் ஆகவில்லை, இருப்பு மட்டும் குறைந்தது, கமிட்டும் ஆயிற்று. பிளாக்குக்குள் சேவ், கிரியேட், அப்டேட் எல்லாவற்றுக்கும் ஆச்சரியக்குறி போடுவதைக் கைப்பழக்கமாக்குங்கள்.

பிளாக்குக்குள் பிளாக் வைப்பது அடுத்தது. உள் பிளாக்கில் ஆக்டிவ் ரெக்கார்ட் ரோல்பேக் எக்ஸப்ஷனை எறிந்தால், உள் பிளாக்கே அதை விழுங்கிவிடும். உண்மையில் அங்கே தனி டிரான்சாக்‌ஷன் எதுவும் இல்லை, வெளியே உள்ளது ஒன்றுதான். விழுங்கப்பட்ட செய்தி அதற்குப் போய்ச் சேராது. எல்லாம் கமிட் ஆகும். உள் பிளாக் மட்டும் தனியே பின்வாங்க வேண்டுமானால் ரிக்கொயர்ஸ் நியூ கொடுங்கள். அது சேவ்பாயிண்டாக, அதாவது பாதி வழியில் திரும்பி வர வைத்த குறியாக மாறும்.

போஸ்ட்கிரெஸில் இன்னொன்று. டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு கட்டளை தோற்றால் அந்த டிரான்சாக்‌ஷனே செத்துவிடும். அடுத்து அனுப்பும் ஒவ்வொன்றும் 'டிரான்சாக்‌ஷன் கைவிடப்பட்டது' என்ற எரரோடு திரும்பும். யூனிக் இண்டெக்ஸ் மீறலை உள்ளே ரெஸ்க்யூ செய்துவிட்டுத் தொடர முடியாது. ரெஸ்க்யூவை பிளாக்குக்கு வெளியே வையுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு கட்டளையைச் சேவ்பாயிண்டில் பொதியுங்கள்.

பிளாக்குக்குள் ரிட்டர்ன் எழுதாதீர்கள். ரெயில்ஸ் 7.0-இல் அது ரோல்பேக், 7.1-இன் புது இயல்பமைப்பில் கமிட். பதிப்பை ஏற்றும் அன்று யாருக்கும் இது நினைவிருக்காது.

வெளி அழைப்பு, அதாவது பேமென்ட் கேட்வே, கூரியர் ஏபிஐ எதுவும் உள்ளே வேண்டாம். பதில் வர 8 நொடி ஆனால், அந்த 8 நொடியும் ரோ பூட்டும் கனெக்‌ஷனும் உங்கள் கையில். ரெயில்ஸ் பூலின் (கையில் வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பின்) இயல்பு அளவு 5. ஐந்தும் இப்படி மாட்டிக்கொண்டால் ஆறாவதாக வருபவர் வாசலில் நிற்பார். 5 நொடி கழித்து கனெக்‌ஷன் டைம்அவுட். கேட்வே மெதுவாக இருந்ததற்குப் பாய் படம் பார்க்க வந்தவருக்கும் தளம் திறக்காது.

ஐந்தாம் படி: கடைசிப் பாயும் பில் நம்பரும்

இருப்பைப் படித்து, ரூபியில் 1 கழித்து, சேவ் செய்தால் முதலில் சொன்னதைவிடப் பெரிய கோளாறு வரும்: ஒரே பாய்க்கு இரண்டு ஆர்டரும் பதிவாகும். பாளையங்கோட்டைக்காரர், சென்னைக்காரர் இருவர் ஆர்டரும் '1' என்றே படிக்கும், இரண்டும் '0' என்றே எழுதும். டிரான்சாக்‌ஷனில் பொதிந்திருந்தாலும் இது நடக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பு நிலை ரீட் கமிட்டட், அதாவது கமிட் ஆனதை மட்டும் படிப்பது. சாதாரணமாகப் படிப்பதை அது பூட்டாது.

சரியான வழி ஒரே அப்டேட் கட்டளை: 'இந்த ஐடி உள்ள ரோவில், இருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், 1 குறை.' ஆக்டிவ் ரெக்கார்டில் வேர் (where) நிபந்தனையோடு அப்டேட் ஆல். எத்தனை ரோ மாறியது என்று அது எண் திருப்பும். 1 வந்தால் பாய் உங்களுடையது, 0 வந்தால் எக்ஸப்ஷன் எறிந்து ரோல்பேக் செய்யுங்கள். மேலே கால்பேக்கைத் தொடாது என்று குறை சொன்ன அதே மெத்தட் இங்கே வேண்டுமென்றே பயன்படுகிறது. அப்டேட்டட் அட் நெடுவரிசையும் மாறாது. வேண்டுமானால் அதையும் கட்டளையில் சேருங்கள்.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இரண்டு டெர்மினலில் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கும் கருவி) திறந்து, இருப்பு 1 உள்ள ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஜன்னலில் பிகின், பிறகு அந்த அப்டேட். 'அப்டேட் 1' என்று வரும், கமிட் செய்யாதீர்கள். இரண்டாவது ஜன்னலிலும் பிகின் கொடுத்து அதே அப்டேட்டை அடியுங்கள். கர்சர் அப்படியே நிற்கும், ரோ பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இப்போது முதல் ஜன்னலில் கமிட். இரண்டாவது உடனே அசையும், நிபந்தனையைப் புது மதிப்போடு மறுபடி சோதிக்கும், 'அப்டேட் 0' என்று சொல்லும். இன்னொரு முறை செய்து, முதல் ஜன்னலில் கமிட்டுக்குப் பதில் ரோல்பேக் கொடுங்கள். இம்முறை இரண்டாவதில் 'அப்டேட் 1'. முதல் ஆள் பின்வாங்கியதால் பாய் இரண்டாவது ஆளுக்கு.

ஓர் ஆர்டரில் பல பொருள் இருந்தால் ஐடி வரிசைப்படி குறையுங்கள். ஒருவர் பட்டுப்பாயைப் பூட்டிவிட்டுக் கோரைப்பாய்க்கும், மற்றவர் கோரைப்பாயைப் பூட்டிவிட்டுப் பட்டுப்பாய்க்கும் காத்திருந்தால் டெட்லாக். போஸ்ட்கிரெஸ் 1 நொடி பொறுத்துச் சோதித்து ஒருவரை வெளியேற்றும். டெட்லாக் இல்லாத வெறும் பூட்டுக் காத்திருப்பை மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இயல்பாக 50 நொடி வரை இழுக்கும். வெப் ரிக்வெஸ்டுக்கு அது யுகம், குறைத்து வையுங்கள்.

பில் நம்பரில் சட்டமும் வருகிறது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் தொடர்வரிசையாக, 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும். ஆர்டர் ஐடியை அப்படியே பில் நம்பராக அச்சிட்டால் வரிசையில் ஓட்டை விழும். போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ் ரோல்பேக்கில் பின்னால் வராது. தோற்ற ஆர்டர் ஒவ்வொன்றும் ஒரு எண்ணைத் தின்றுவிட்டுப் போகும். நிதியாண்டுக்கு ஒரு ரோ உள்ள கவுன்டர் டேபிள் வையுங்கள். அதை அதே டிரான்சாக்‌ஷனில் அப்டேட் செய்து எண்ணை எடுங்கள், ரோல்பேக் ஆனால் எண்ணும் திரும்பிவிடும். ஆனால் அந்த ஒரு ரோவில்தான் கடை முழுவதும் வரிசையில் நிற்கும். ஆகையால் இந்த வேலை டிரான்சாக்‌ஷனின் கடைசி வேலையாக, கமிட்டுக்கு ஒட்டி முன்னால் இருக்கட்டும்.

ஆறாம் படி: கமிட்டுக்குப் பின்னால்

ஆஃப்டர் சேவிலிருந்து சைட்கிக் (பின்னணி வேலைகளைத் தனி வொர்க்கரில் ஓட்டும் கருவி) ஜாப் போட்டால் என்ன ஆகும்? மில்லிநொடிக் கணக்கில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

0: பிகின்
3: ஆர்டர் இன்சர்ட்
5: ஆஃப்டர் சேவ், ஜாப் ரெடிஸுக்குப் போகிறது
7: வொர்க்கர் ஜாபை எடுத்து ஆர்டரைத் தேடுகிறது, கமிட் ஆகாத ரோ அதற்குத் தெரியாது, ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்
21: கமிட்

சைட்கிக் மறுபடி முயலும். இரண்டாம் முறை ரோ இருக்கும், எஸ்எம்எஸ் போகும். 'தானாகச் சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். ஆர்டர் ரோல்பேக் ஆன நாளில் அதே ஜாப் இல்லாத ரெக்கார்டைத் தேடி இயல்பான 25 மறுமுயற்சியையும் தின்னும். புது ஆர்டரிலாவது எரர் வந்து காட்டிக்கொடுக்கிறது. முகவரி மாற்றம் போன்ற அப்டேட்டில் எரரே வராது. வொர்க்கர் பழைய முகவரியைப் படித்துக் கூரியர்காரருக்கு அனுப்பிவிடும்.

அதனால் ஜாப் போடுவது ஆஃப்டர் கமிட்டில். 2024 ஆகஸ்டில் வந்த ரெயில்ஸ் 7.2 முதல், டிரான்சாக்‌ஷன் பிளாக் தன் டிரான்சாக்‌ஷன் ஆப்ஜெக்டையே உள்ளே கொடுக்கிறது; அதிலேயே ஆஃப்டர் கமிட் வேலையைப் பதியலாம். மாடலில் கால்பேக் வைப்பதைவிட இதுவே நல்லது. வாங்கும் வேலை எங்கே இருக்கிறதோ அங்கேயே எஸ்எம்எஸ்ஸும் எழுதப்பட்டிருக்கும். இறக்குமதி ஸ்கிரிப்ட் யாரையும் நள்ளிரவில் எழுப்பாது.

மாடலில்தான் வைப்பேன் என்றால் சில கவனிப்புகள். ஆஃப்டர் கிரியேட் கமிட், ஆஃப்டர் அப்டேட் கமிட் இரண்டிலும் ஒரே மெத்தட் பெயர் கொடுத்தால் கடைசியாக எழுதியது மட்டும் வேலை செய்யும். ஆஃப்டர் சேவ் கமிட் எழுதுங்கள். ஒரே டிரான்சாக்‌ஷனில் ரெக்கார்டை இரண்டு முறை சேவ் செய்தால், ஆஃப்டர் கமிட்டில் 'என்ன மாறியது' என்ற கேள்விக்குக் கடைசி சேவின் பதில்தான் கிடைக்கும். 7.1-க்கு முன் ஆஃப்டர் கமிட் கால்பேக்குகள் எழுதிய வரிசைக்குத் தலைகீழாக ஓடின. ஒன்றில் எக்ஸப்ஷன் வந்தால் மீதி ஓடாது. டேட்டா கமிட் ஆகிவிட்டது, வாடிக்கையாளருக்குத் தெரிவதோ 500 பக்கம். அவர் மறுபடி பட்டனை அழுத்துவார். ஃபார்மில் மறைவாக ஒரு தனிச்சாவியை வைத்து, ஆர்டர் டேபிளில் அதற்கு யூனிக் இண்டெக்ஸ் போட்டால் இரட்டை ஆர்டர் நிற்கும்.

ஏழாம் படி: விட்டுப்போகவே கூடாதவற்றுக்கு அவுட்பாக்ஸ்

கமிட் ஆன கணத்துக்கும் ஆஃப்டர் கமிட் ஓடும் கணத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. டிப்ளாய் நடக்கிறது, மெமரி தீர்ந்து ப்ராசஸ் கொல்லப்படுகிறது, ரெடிஸ் பதில் சொல்லவில்லை. ஆர்டர் இருக்கும், எஸ்எம்எஸ் போகவே போகாது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பரவாயில்லை என்று இருக்கலாம். தறிக்காரருக்குப் போக வேண்டிய 'மாப்பிள்ளை, பொண்ணு பெயர் இது, இந்தத் தேதிக்குள் நெய்ய வேண்டும்' என்ற தகவல் விட்டுப்போனால் முகூர்த்தத்துக்குப் பாய் இருக்காது.

இதற்கு அவுட்பாக்ஸ் என்றொரு டேபிள். ஆர்டர் இன்சர்ட் ஆகும் அதே டிரான்சாக்‌ஷனில், 'அனுப்ப வேண்டியது' என்று ஒரு ரோ அதில் எழுதுங்கள்: நிகழ்வின் வகை, ஆர்டர் ஐடி, தேவையான விவரம், அனுப்பிய நேரம் (முதலில் காலி). இரண்டும் சேர்ந்தே கமிட் ஆகும், சேர்ந்தே அழியும். ஒரு வொர்க்கர் சில நொடிக்கு ஒருமுறை, அனுப்பாத ரோக்களை ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் (மற்றவர் பூட்டிய ரோவைத் தாண்டிச் செல்வது) போட்டு எடுத்து, அனுப்பி, நேரத்தைக் குறிக்கட்டும். ஸ்கிப் லாக்ட் போஸ்ட்கிரெஸ் 9.5 முதலும் மைஎஸ்க்யூஎல் 8.0 முதலும் உண்டு. இரண்டு வொர்க்கர் ஓடினாலும் ஒரே ரோவில் முட்டிக்கொள்ளாது.

அனுப்பிய பிறகு, குறிக்குமுன் வொர்க்கர் செத்தால் அதே தகவல் இரண்டாம் முறை போகும். இதைத் தவிர்க்க வழியில்லை. வாங்குபவர் பக்கத்தில் நிகழ்வு ஐடிக்கு யூனிக் இண்டெக்ஸ் வைத்து, வந்ததே வந்தால் ஒதுக்கச் செய்ய வேண்டும். பேமென்ட் கேட்வேயிலிருந்து உங்களுக்கு வரும் வெப்ஹுக்கும் இதே இனம், ஒரே செய்தி இருமுறை வரும் என்று நினைத்தே எழுதுங்கள்.

ரெயில்ஸ் 8-இன் ஜாப் வரிசையான சாலிட் கியூ டேட்டாபேஸிலேயே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஆர்டர் இருக்கும் அதே டேட்டாபேஸில் வைத்தால் போதும். இயல்பமைப்பில் அது தனி டேட்டாபேஸாக வருகிறது. ஒரு டிரான்சாக்‌ஷன் இரண்டு டேட்டாபேஸைக் கட்டாது.

எட்டாம் படி: டெஸ்ட்

இரண்டு டெஸ்ட் அவசியம். ஆர்டர் இன்சர்ட் ஆன பிறகு வேண்டுமென்றே எக்ஸப்ஷன் எறிந்து, கியூவில் ஜாப் எதுவும் இல்லை, இருப்பு பழையபடியே என்று பார்ப்பது ஒன்று. ரெயில்ஸ் 5 முதல் டிரான்சாக்‌ஷனல் டெஸ்டுக்குள்ளும் ஆஃப்டர் கமிட் ஓடுவதால் இது எளிது. மற்றது பந்தய டெஸ்ட்: இருப்பு 1 வைத்து, இரண்டு த்ரெட்டில் ஒரே நேரத்தில் வாங்கவிட்டு, ஒன்று வென்று ஒன்று தோற்கிறதா என்று பார்ப்பது. டிரான்சாக்‌ஷனல் டெஸ்டில் எல்லா த்ரெட்டும் ஒரே கனெக்‌ஷனைப் பகிர்வதால் அங்கே பந்தயமே நடக்காது. டெஸ்ட் பச்சை காட்டும், அது பொய்ப் பச்சை. அந்த ஃபைலுக்கு மட்டும் டிரான்சாக்‌ஷனல் அமைப்பை அணைத்துவிட்டு, முடிந்ததும் டேபிள்களைக் காலி செய்யுங்கள்.

ஜாங்கோ, லாராவெல்

ஜாங்கோவின் போஸ்ட் சேவ் சிக்னல் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும். இயல்பான ஆட்டோகமிட்டில் அது வரும்போது ரோ கமிட் ஆகியிருக்கும். அடாமிக் பிளாக்குக்குள்ளோ அடாமிக் ரிக்வெஸ்ட்ஸ் போட்டோ இருந்தால் கமிட் ஆகியிருக்காது. டெவலப்பர் மெஷினில் ஓடிய கோடு புரொடக்‌ஷனில் தடுமாற இந்த ஒரு அமைப்பு போதும். வெளி வேலைகளை ஆன் கமிட்டில் கொடுங்கள். லூப்புக்குள் லாம்டாவாகக் கொடுத்தால் எல்லாம் கடைசி ஆர்டரையே பிடித்துக்கொள்ளும்; பார்ஷியல் பயன்படுத்துங்கள். குவெரிசெட் அப்டேட்டும் பல்க் கிரியேட்டும் சேவ் சிக்னல்களை எழுப்பாது. சாதாரண டெஸ்ட்கேஸில் ஆன் கமிட் ஓடாது, 3.2 முதல் கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் இருக்கிறது.

லாராவெலில் சாதாரண சேவ் கட்டளையைச் சுற்றித் தானாக டிரான்சாக்‌ஷன் வராது. டிபி டிரான்சாக்‌ஷனை நீங்கள்தான் எழுத வேண்டும். அதன் இரண்டாவது ஆர்க்யுமென்ட், டெட்லாக் வந்தால் எத்தனை முறை முயல்வது என்பது. மறுமுயற்சியில் குளோஷர் முழுவதும் திரும்ப ஓடும், உள்ளே எஸ்எம்எஸ் இருந்தால் அதுவும் திரும்பப் போகும். ஜாபுக்கு ஆஃப்டர் கமிட் மெத்தட், அப்சர்வருக்கு ஷுட் ஹேண்டில் ஈவென்ட்ஸ் ஆஃப்டர் கமிட் இன்டர்ஃபேஸ், கியூ அமைப்பில் ஆஃப்டர் கமிட் ட்ரூ என மூன்று இடத்திலும் வழி உண்டு.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனில் தொடங்குபவர்கள், மாடல்ஸ் ஃபோல்டரில் ஆஃப்டர் சேவ், ஆஃப்டர் கிரியேட், ஆஃப்டர் அப்டேட், ஆஃப்டர் டெஸ்ட்ராய் நான்கையும் கிரெப் செய்து தேடுங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் மெயில், ஜாப், ஹெச்டிடிபி, கேஷ் என்ற நான்கில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பணத்தைத் தொடும் மாடல், பிறகு இருப்பைத் தொடுவது, மற்றவை மெதுவாக. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆஃப்டர் கமிட்டுக்கு நகர்த்த வேண்டாம். சில ஆஃப்டர் சேவ்கள் உண்மையிலேயே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டியவை. இருப்புக் கணக்கு மாதிரி ஒன்றை வெளியே தள்ளினால், ரோல்பேக்கில் பின்வாங்கிக்கொண்டிருந்தது இனி பின்வாங்காது.